சந்திரமதியின் கசப்பு மருந்து

சந்திரமதி உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தாமான் குடியிருப்பில் குறைவு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரமாட்டாள்; யார் கையிலாவது இருக்கும் சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நடப்பாள். சாவு வீட்டிலும் அப்படித்தான், நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பாள். தப்பித்தவறி யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் அவள் வலது கால் தானாக ஆட ஆரம்பிக்கும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் இருப்பவர் பொறுமையிழந்து, "எந்திரிச்சுப் போய்த்தான் தொலையேம்மா" என்று விட்டுவிடுவார். அவளுக்கும் வேண்டியது அதுதான்.

"எங்க வீட்டு சோபாவ விக்கலாம்னு இருக்கேன். அவ உக்கார்ற பக்கம் கடையில வாங்குன மாதிரியே இருக்கு" என்று கணவன் மணியம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். அவளுக்கு நேர்மாறாக, உட்கார்ந்தே பிழைப்பவன். அந்தப் பஸ்ஸின் முதல் பயணி பெரும்பாலும் அவன் பெண்டாட்டிதான்.

சந்திரமதிக்கு ஐம்பது நெருங்குகிறது. சாஆ என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பாசிர் கூடாங்குக்கு வந்து, கார்களுக்குள் போகிற சர்க்கிட் போர்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அதே தொழிற்சாலையில்தான் இன்னமும் இருக்கிறாள். இப்போது ஒரு லைனுக்கு லீடர். அவளுக்குக் கீழே பதினைந்து இருபது பேர் நிற்கிறார்கள், அவளும் நிற்கிறாள்.

இதெல்லாம் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அவளுடைய சொந்த வேலை என்று ஒன்று இருந்தது. பள்ளிக் கடைசி வருஷத்து எஸ்பிஎம் பரீட்சை முடிந்த நாளிலிருந்து பிள்ளைகள் எங்கேயாவது போய்ச் சேரும்வரை அவளோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்பான் மணியம். பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டு வாசலில்தான். அவளும் சும்மா இருக்கமாட்டாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். "உன் மகன் என்ன செய்யப் போறான்?" என்று சமையற்கட்டுவரை போய்க் கேட்பாள். பரீட்சை முடிவு வரும் அன்று பெற்றவர்களுக்கு முன்னால் அவள் பள்ளி வாசலில் நிற்பாள்.

அவளை யுனிவர்சிட்டி பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பு ஏறாத பையனை நாலு வருஷம் கல்லூரியில் கட்டிப்போடப் பார்த்த ஒரு தகப்பனை நடுத்தெருவில் வைத்து, "எல்லாரும் யுனிவர்சிட்டிதான் போகணும்னு சட்டமா லா? அவன் கைய பாருங்க, ஸ்பேனர் பிடிக்கிற கை" என்று திட்டி, அந்தப் பையனைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பி வெல்டர் ஆக்கியவள் அவள். சிலரை யுனிவர்சிட்டிக்கு முந்திய ஆறாம் படிவத்துக்கு அனுப்பினாள், சிலரைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பினாள், ஒருத்தியைக் கேக் செய்யக்கூட அனுப்பினாள். எங்கே போனாலும் அவளுக்குச் சம்மதம். ஒரே ஓர் இடம்தான் ஆகாது. பாசிர் கூடாங் தொழிற்சாலை கேட்டுக்குள் பிள்ளைகள் யாரும் தன் பின்னால் வந்துவிடக்கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை ஓட்டமும்.

அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பரீட்சைக்கும் முடிவுக்கும் நடுவில் பிள்ளைகளுக்குச் சில மாதம் கிடக்கிறதல்லவா? எல்லாரும் கைச்செலவுக்கு வேலை தேடுவார்கள். படிப்பில் கெட்டியான, ஆனால் இது போதும் என்று நின்றுவிடக்கூடிய பிள்ளையாகப் பார்த்து, அவளே மேலே பேசித் தன் லைனில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்த்துவிடுவாள். எட்டு மணி நேரம் நிற்க வைப்பாள். கண் பழுக்கும்வரை பொடி உதிரிபாகங்களைப் பார்க்கவிடுவாள். சலுகை கிடையாது, பேச்சு கிடையாது. போன வருஷம் அர்ச்சுனன் என்ற பையன் இரண்டாவது வாரமே அழுதுகொண்டு ஓடி, ஆறாம் படிவத்தில் போய் விழுந்தான். அவன் ஓடியதை அவள் ஒரு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'கசப்பு மருந்து' என்று அவளே அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

"பேதி மருந்துன்னு சொல்லு, பொருத்தமா இருக்கும்" என்பான் மணியம்.

இந்த வருஷம் அந்த மருந்தைக் குடித்தவள் ரூபினி. நாலு வீடு தள்ளி இருக்கும் தேன்மொழியின் ஒரே மகள். தேன்மொழி கணவனை இழந்தவள், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவள். ரூபினி அதிகம் பேசமாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள். லைனில் சேர்ந்த முதல் வாரம் கால் வீங்கியது. இரண்டாம் வாரம் இன்னும் வீங்கியது. சந்திரமதி மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம், மெஷின் பழுது பார்க்க வரும் டெக்னீஷியன்களின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் எட்டி எட்டி நின்று, "இந்தப் பெல்ட் ஏன் இப்படிச் சுத்துது?" என்று கேட்க ஆரம்பித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்று சந்திரமதி அதையும் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டாள். ஓடாமல் நிற்கிறதே, ஏன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முடிவு வந்தது. ரூபினிக்கு எட்டு ஏ. கொஞ்ச நாளில் அரசாங்க மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடமும் வந்தது. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேஷன் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொரு வருஷமும் புலம்பாத இடம் இல்லை. அதில் ஒரு வருஷம் இருந்தால் நேரே யுனிவர்சிட்டி. செய்தி வந்த அன்று சந்திரமதி தேன்மொழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

அந்தத் தாமான் கோயிலில் ஒரு வழக்கம். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வரிசையாக நிற்க வைத்து, தலைவர் அய்யாவு பொன்னாடை போர்த்துவார். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போகிறது என்பதை மைக்கில் ஊரறிய அறிவிப்பார்கள். அறிவிப்பது சந்திரமதி. நின்றுகொண்டே செய்யலாம் என்பதால் அவளுக்குப் பிடித்த வேலை அது.

"நம்ம ரூபினி மெட்ரிகுலேஷன் போறா!" என்று அன்றைக்கு அவள் மைக்கைக் கடித்துவிடுவதுபோல் கத்தினாள். "அப்புறம் யுனிவர்சிட்டி! பிள்ளைங்களா, நல்லா பாத்துக்குங்க. எங்கள மாதிரி பேக்டரியில நின்னு தேய்ஞ்சு போயிடாதீங்க. இவள மாதிரி வாங்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அய்யாவு உணர்ச்சிவசப்பட்டு இரண்டாவது பொன்னாடை ஒன்றையும் போர்த்திவிட்டார். பெண்கள் வரிசையில் தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டு கைதட்டினாள். ரூபினி இரண்டு பொன்னாடைக்குள்ளும் வியர்த்து நின்றாள். போகிறாயா என்று அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. லாட்டரி விழுந்தவனிடம் உனக்கு வேண்டுமா என்று யாராவது கேட்பார்களா? சந்திரமதி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மணியத்தின் பஸ்ஸில் ஏறிய சந்திரமதி, மூன்றாவது சீட்டில் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ரூபினியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"நீ ஏன் ஏறினே?"

"வேலைக்கு ஆன்ட்டி."

"இன்னும் வேலைய விட்டு நிக்கலையா? எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு லா. சாமான் வாங்கணும், துணி தைக்கணும், வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த இடத்துக்குப் பதில் போடணும்."

"மத்தியானம் பேசலாம் ஆன்ட்டி."

அன்று காலை முழுக்க சந்திரமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் கேண்டீனில் ரூபினி தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மெர்சிங் பாலிடெக்னிக்கிலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, எலெக்ட்ரோனிக் டிப்ளோமா. அதற்குத்தான் போக விரும்புகிறாள். முடித்துவிட்டு இந்த மாதிரி ஓர் இடத்துக்கே டெக்னீஷியனாக வருவாள்.

"அலமாக்!" சந்திரமதி எழுந்தே விட்டாள். "எட்டு ஏ எடுத்துட்டு இந்தக் கேட்டுக்குள்ளயா? உனக்கு என்ன ஆச்சு? உன்ன நான் எதுக்கு இங்க கொண்டாந்து நிப்பாட்டினேன் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. வெறுத்து ஓடணும்னுதான். அர்ச்சுனன் அண்ணன் சொன்னாரு."

"அப்புறம்?"

ரூபினி நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. கோயில்ல நீங்க உக்காந்து நான் பாத்ததில்ல. உங்க வீட்டுக்கு வந்தா, மூணு வாட்டி தண்ணி கொண்டாந்து குடுப்பீங்க. ஆனா இங்க மெஷின் நின்னுச்சுன்னா, மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு அப்படியே நிப்பீங்க. கை ஆடாது, கால் ஆடாது. மூச்சு விடுறீங்களான்னே தெரியாது. பிடிக்காத வேலைய யாரும் அப்படிப் பாக்கமாட்டாங்க. நீங்க கஷ்டத்தக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்க. நான் உங்களத்தான் பாத்தேன்."

சந்திரமதிக்கு முகம் சிவந்துவிட்டது. பாதிச் சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நேற்றுப் பிறந்த பெண் தன்னைப் பற்றித் தனக்கே பாடம் எடுக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஆத்திரத்தோடு அவள் சும்மாவா இருப்பாள்? அன்று சாயங்காலமே பஸ் கழுவிக்கொண்டிருந்த மணியத்திடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். அவன் குழாயை நிறுத்தாமல், "புள்ள பொய் சொல்லலையே" என்றான். தண்ணீர் அவள் காலில் தெறித்தது. வேண்டுமென்றே தெளித்தானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அடுத்ததாக அர்ச்சுனனுக்குப் போன் போட்டாள். "நீயே அவகிட்ட பேசு. ஓடினவன் நீ, உன் வாயால சொன்னா கேப்பா" என்றாள். அரை மணி நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். குரல் சுரத்தாக இல்லை.

"பேசினேன் ஆன்ட்டி. அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. இப்ப படிக்கிறது உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு."

"நீ என்னா சொன்னே?"

"தெரியலன்னு சொன்னேன். நான் அங்கேருந்து ஓடிட்டேன், அது தெரியும். எங்க போறேன்னு யாரும் கேக்கலையே ஆன்ட்டி."

அவள் போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை ஓடவிட்டிருப்பாள்! ஓடிய பிள்ளைகள் சேர்ந்த இடத்தில் நன்றாக இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? அடுத்த பரீட்சை முடிந்திருக்கும், அடுத்த வாசலில் நின்றிருப்பாள்.

புதன்கிழமை காலை லைன் நின்றுவிட்டது. மெஷின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டெக்னீஷியன்கள் வேறு பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சந்திரமதி வழக்கம்போல் மூடியைத் திறந்தாள். அரிசிக் குருணையைவிடச் சிறிய உதிரி ஒன்று ஊசி முனையில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுப்பது பெரிய வித்தை இல்லை. லைனில் நாலு பேருக்குத் தெரியும். ஆனால் அவசரப்பட்டால் பக்கத்தில் இருப்பதும் நகர்ந்துவிடும். மெதுவாக எடுத்தாள், துடைத்தாள், தள்ளிப் பார்த்தாள், மூடினாள். பச்சை விளக்கு எரிந்தது.

நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அது தரையில் சும்மா இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. திருடியது பிடிபட்டதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வேலை தனக்குப் பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எப்படிச் சொல்வாள்? சாஆ தோட்டத்தில் அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டிக்கொண்டு, "இங்க மட்டும் நிக்காத, ஓடிடு" என்று தினமும் சொன்னார். அந்தத் தோட்டத்துக்கு அந்தச் சொல் நியாயம். அவளும் ஓடி வந்தாள். வந்த இடம் அவளுக்குப் பிடித்தும் போயிற்று. ஆனால் அப்பாவின் சொல் நிற்கவில்லை. அதை அப்படியே எடுத்து இந்தக் கேட்டிலும் மாட்டி வைத்துவிட்டாள். சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துத் துரத்திக்கொண்டு.

வியாழக்கிழமை வேலை விட்டதும் நேரே தேன்மொழி வீட்டுக்குப் போனாள். ரூபினி ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மகள் அறைக்குள் இருந்தாள். தேன்மொழி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. உங்க மருந்து நல்லா வேல செஞ்சிருச்சு" என்றாள்.

சந்திரமதி வாசலிலேயே நின்றபடி டிப்ளோமாவைப் பற்றி ஆரம்பித்தாள். டிப்ளோமா முடித்தாலும் பிற்பாடு யுனிவர்சிட்டி போகலாம், கதவு மூடிவிடாது, இப்போதெல்லாம் டெக்னீஷியனுக்கு எங்கேயும் கிராக்கி என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். தேன்மொழி கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அதெல்லாம் ரூபினியும் சொல்லிட்டா. நான் கேக்கறது வேற. மைக்கு பிடிச்சது யாரு? நானா, அவளா? ஊரே கேட்டிருக்கு. நாளைக்கு இவ மெர்சிங் போனா என்ன பேசுவாங்க? சீட்டே வரல, பொய் சொல்லி ரெண்டு பொன்னாடை வாங்கிட்டான்னு பேசுவாங்க. புருஷன் இல்லாத வீட்டப் பத்திப் பேச ஊருக்கு வாய் வலிக்குமாக்கா?"

சந்திரமதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னொன்னும் சொல்லிடறேன். வருஷா வருஷம் எங்கள மாதிரி தேய்ஞ்சு போயிடாதீங்கன்னு சொல்றீங்க. நீங்க லீடரு, சொல்லிட்டு எறங்கிடுவீங்க. நானும் அங்கதான் உக்காந்திருக்கேன், எம் மக பக்கத்துல. தலைய குனிஞ்சுக்கிட்டு கை தட்டிட்டு வரேன்."

அதுதான் சந்திரமதியைச் சுட்டது. மேடையிலிருந்து பார்த்தபோதெல்லாம் தேன்மொழி ஏன் குனிந்திருந்தாள் என்று இப்போதுதான் புரிந்தது. தேன்மொழி மட்டுமா? அந்தப் பெண்கள் வரிசையில் பாதிப் பேர் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை செய்கிறவர்கள்தான். "தப்புதான் தேனு" என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை பூசை. ராத்திரிக்குள்ள பதில் போடணும். ஊரறிய சொன்னத ஊரறிய நீங்களே மாத்திச் சொல்லுங்க. நீங்க சொல்றதக் கேட்டுட்டு, அவ எங்க போறான்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் நான் சரின்னு சொல்லல."

வெள்ளிக்கிழமை என்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே நின்று, பஸ் நகரவில்லை. சந்திரமதி சீட்டில் உட்காராமல் மணியத்தின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரூபினி கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்திருந்தாள்.

"உக்காரு சந்திரா. நீ நின்னா லாரி நகராது" என்றான் மணியம். அவள் அவன் தோளில் ஒன்று போட்டாள்.

கோயிலை அடைந்தபோது தீபாராதனை முடிந்து, ஆட்கள் மண்டபத்தில் பிரசாதத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அவள் நனைந்த சீருடையோடு போய் மைக்கை எடுத்தாள். அறிவிப்பு என்றதும் அய்யாவு சந்தோஷமாகத் தம் மைக்கையும் எடுத்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமை ரூபினி மெட்ரிகுலேஷன் போறான்னு சொன்னேன். சீட்டு கெடச்சது உண்மை, என் கண்ணால பாத்தேன். ஆனா அவ போறேன்னு சொல்லல. நான்தான் அவளக் கேக்காம சொல்லிட்டேன். அவ விரும்புறது பாலிடெக்னிக். டெக்னீஷியனா வரணும்னு ஆசப்படுறா."

மண்டபம் சலசலத்தது. 'கிடைச்சத விடுறதா' என்று ஒரு குரல் கேட்டது. அய்யாவு மைக்கைத் தட்டினார்.

"ஏம்மா சந்திரா, என்ன இது? ஒரு சீட்டு கெடைக்க எவ்வளவு பாடு? டெக்னீஷியன்னா மறுபடியும் பேக்டரிதான். அங்க மட்டும் வராதேன்னு வருஷா வருஷம் சொன்னதே நீதானே? அப்படி என்னதான் இருக்கு அந்தப் பேக்டரியில?"

அவள் பஸ்ஸில் தயார் செய்து வந்த பதில் டிப்ளோமாவைப் பற்றியது, சம்பளத்தைப் பற்றியது, பிற்பாடு யுனிவர்சிட்டி போவதைப் பற்றியது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெண்கள் வரிசையில் தேன்மொழி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அந்த வேல பிடிக்கும் தலைவரே" என்றாள் சந்திரமதி.

மைக் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

"நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. பிடிக்கும்னு சொன்னா, நல்லா படிக்கிற புள்ள படிக்காம வந்துடுமோன்னு பயம். கஷ்டம் இல்லேன்னு சொல்லல. கால் வலிக்குது, ராத்திரி ஷிப்ட் ஒடம்பத் தின்னுது. ஆனா நின்ன மெஷின் திரும்ப ஓடும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அது வேற எங்கயும் வரல. அந்தப் புள்ள அதப் பாத்துட்டா. நாங்க தேய்ஞ்சு போனவங்கன்னு நான் சொன்னது பொய். என்னப் பத்தியும் பொய், இங்க உக்காந்திருக்கிறவங்களப் பத்தியும் பொய். இனிமே சொல்லமாட்டேன்."

அய்யாவு தம் மைக்கை மேசையில் வைத்தார். யாரும் கைதட்டவில்லை, கைதட்டுகிற விஷயமா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்த ஒரு பெண், "எனக்கும் பிடிக்கும்க்கா, சம்பள நாள்ல மட்டும்" என்றாள். பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. தேன்மொழி சிரிக்கவில்லை. ஆனால் தலையை நிமிர்த்தி சந்திரமதியை நேராகப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"போனைக் குடு. எதுல அழுத்தணும்?"

ரூபினி திரையைக் காட்டினாள். மலாயில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஏற்பதற்கு ஒன்று, மறுப்பதற்கு ஒன்று.

"தோலாக்னு போட்டிருக்குல்ல, அதும்மா. இருங்க, நானே..."

"நீ சும்மா இரு. நாளைக்கு அம்மா வேணாம்னாங்க, அதான் போகலன்னு சொல்லிக்கலாம். உன்ன யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க." தேன்மொழி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, மறுக்கும் பொத்தானைத் தானே அழுத்தினாள். அழுத்தியபின் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

சந்திரமதி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இது சரியா, நாளைக்கு ரூபினி தன்னைச் சபிப்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் ஆடத் தொடங்கியது. தேன்மொழி பார்க்காமலேயே அந்த முட்டியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிரசாதம் வந்து சேரும்வரை சந்திரமதி எழுந்திருக்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. மணியம் பஸ் படியில் சாய்ந்து நின்றான். மண்டபத்து ஒலிபெருக்கி வெளியேயும் கேட்கும்.

"ஏன் சந்திரா, இத்தன வருஷமா காலையில என் பஸ்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதானே ஏறுவே? அதெல்லாம் நடிப்பா?"

"ஏறும்போது நடிப்புதான்" என்றாள் சந்திரமதி. பிறகு ஒரு காலைப் பஸ் படியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் வீட்டு வாசல்ல எறங்கும்போது தூக்கி வச்சிருப்பேன் பாரு, அதுதான் நெசம்."